கோழியைக் கொண்டுபோவது நரிதானா? - வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், வரும் விலங்கை எப்படி ஒழிப்பது என்பதுதான் அது. அதனால் மாட்டு மடிநோய், கன்றுக்குக் குடற்புழு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவில் எங்கள் வீடு. நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கொஞ்ச நாளாக ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. ராத்திரி நரி ஊளையிடுவதும் கேட்கிறது. இறைச்சியில் மருந்து கலந்து வைத்தால் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும் என்று பக்கத்து விளைக்காரர் சொல்கிறார். வைக்கலாமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: வேண்டாம் அம்மா, கண்டிப்பாக வேண்டாம். நீங்கள் வைக்கிற இறைச்சியை நரிதான் வந்து தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் தின்பது உங்கள் வீட்டு நாய், அடுத்த வீட்டுப் பூனை, காலையில் காக்கா. வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தின்றுவிட்டு வாயில் நுரை தள்ளக் கொண்டுவரும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன், பாதியைக் காப்பாற்ற முடியாது. போதாததற்கு நரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு. அதை மருந்து வைத்துக் கொன்றால் வழக்கு, சிறை. கோழி போனதற்காக ஜெயிலுக்குப் போகிற நிலைமை வரக்கூடாது.

அதைவிட முக்கியம், கோழியைக் கொண்டுபோவது நரிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊளை கேட்டது என்பது சாட்சி ஆகாது. காலையில் கூட்டுப் பக்கம் போய் நிதானமாகப் பாருங்கள். நரி பிடித்தால் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வழிநெடுகச் சிறகு சிதறிக் கிடக்கும், ஈர மண்ணில் நாயினுடையதைப் போலவே, ஆனால் கொஞ்சம் ஒடுங்கிய கால்தடம் இருக்கும். கழுத்தும் தலையும் கடிபட்டு, உடல் அங்கேயே கிடந்தால் கீரியாக இருக்கலாம். கூரை ஓடு நகர்ந்து, மேலேயிருந்து இறங்கிய மாதிரி இருந்தால் மரநாய், அது ஓடு, பலா மரம், தென்னை எல்லாவற்றிலும் ஏறும். ஒரு சிறகுகூட இல்லாமல், சத்தமும் இல்லாமல் கோழி போயிருந்தால் மலைப்பாம்பைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்தில் கூட்டுக்குள் புகுந்து கோழியை விழுங்கிவிட்டு, வயிறு வீங்கி, வந்த ஓட்டை வழியே வெளியே போக முடியாமல் அங்கேயே சுருண்டு கிடந்த மலைப்பாம்புகளைத் தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துக்கொண்டு போவது அடிக்கடி நடப்பதுதான். நாலைந்து கோழியைக் கொன்று போட்டுவிட்டு எதையுமே தின்னாமல் போயிருந்தால் அது பெரும்பாலும் தெருநாய். இவ்வளவு பேர் இருக்க, பழி மட்டும் நரி தலையில் விழுகிறது.

யார் வந்தாலும் மருந்து ஒன்றுதான்: கூட்டைச் சரிசெய்வது. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலை கோழி வெளியே போகாமல் இருக்க மட்டுமே உதவும், நாயோ நரியோ பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை வாங்குங்கள், கண் அரை அங்குலம் இருக்கட்டும், பாம்பும் கீரியும் அதில் நுழையாது. சுவரோரம் அந்த வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டியதும் விட்டுவிடும். கதவுக்குக் கயிறு கட்டுவது போதாது, கொண்டி போடுங்கள். இருட்டுவதற்கு முன்னால் கோழி உள்ளே போயிருக்க வேண்டும். மரத்தில் அடையும் பழக்கம் உள்ள கோழிகளைக் கொஞ்ச நாள் கூட்டுக்குள்ளேயே தீனி போட்டுப் பழக்கினால் தானாக வந்துவிடும். லைட் போடுவதும் ரேடியோ பாட வைப்பதும் ஒரு வாரம் வேலை செய்யும், அப்புறம் விலங்குக்கு அது பழகிப்போகும்.

இன்னொன்றும் யோசியுங்கள். நரி தின்பதில் எலியும் பெருச்சாளியும்தான் நிறைய, கோழி எப்போதாவது கிடைப்பது. உங்கள் விளையில் மரச்சீனியின் (மரவள்ளிக்கிழங்கின்) அடியைத் தோண்டுகிற பெருச்சாளியைக் கூலி வாங்காமல் பிடிப்பது அதுதான்.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறார். அங்கே கயோட்டி என்று ஒரு விலங்கு குட்டிகளைப் பிடித்துக்கொண்டு போகிறதாம். அதைச் சுடுவதற்கு அங்கே தடை இல்லையாம். சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் குறையவில்லை என்கிறார். என்ன காரணம்? நம் ஊர் அனுபவத்தில் ஏதாவது சொல்ல முடியுமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நம் ஊர் அனுபவத்தை அங்கே அனுப்புவதைவிட அவர்கள் அனுபவத்தை நாம் படிப்பதுதான் நமக்கு லாபம் ஐயா. ஏனென்றால் ஒரு விலங்கைக் கொன்று ஒழிக்க முடியுமா என்பதை நூறு வருஷமாகப் பணம் கொட்டிச் சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

கயோட்டி நம் நரியின் குடும்பம்தான், உடம்பில் நரியை விடப் பெரியது, ஓநாயை விடச் சிறியது. முன்பு அமெரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் உள்ள புல்வெளியிலும் வறண்ட நிலத்திலும்தான் இருந்தது. ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்காக 1931இல் அந்த நாடு ஒரு சட்டமே போட்டு, அரசாங்கச் செலவில் வேட்டைக்காரர்களை வைத்து, பொறி, துப்பாக்கி, விஷம், பிறகு விமானத்திலிருந்து சுடுவது என்று எல்லாம் செய்தார்கள். 1080 என்ற எண்ணால் அழைக்கப்பட்ட ஒரு கொடிய விஷம் பல வருஷம் இறைச்சியில் வைக்கப்பட்டது. அது கழுகையும் மற்ற விலங்கையும் சேர்த்துக் கொன்றதால் 1972இல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் இந்த விஷங்களை நிறுத்தி உத்தரவு போட்டார். இப்போதும் அந்நாட்டு வேளாண் துறையின் ஒரு பிரிவு மட்டும் வருஷத்துக்கு 60,000க்கு மேல் கயோட்டிகளைக் கொன்றிருக்கிற வருஷங்கள் உண்டு, தனியார் சுடுவது அந்தக் கணக்கில் வராது. இவ்வளவுக்கும் பிறகு கயோட்டி குறைந்ததா என்றால், ஹவாய் தீவுகளைத் தவிர அந்த நாட்டின் எல்லா மாநிலத்துக்கும் பரவிவிட்டது, சிகாகோ மாதிரிப் பெருநகரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஓநாயை ஒழித்தார்கள், அந்தக் காலியிடத்தில் கயோட்டி நுழைந்தது.

ஏன் குறையவில்லை என்று கேட்டீர்கள். கயோட்டி ஜோடியாக எல்லை வகுத்து வாழும். அந்த எல்லைக்குள் பெரிய ஜோடிதான் பெரும்பாலும் குட்டி போடும், கூட இருக்கும் இளசுகள் சும்மா இருக்கும். அந்தப் பெரிய ஜோடியைச் சுட்டுவிட்டால் எல்லை காலியாகும், வெளியே அலைந்துகொண்டிருந்த இளசுகள் உள்ளே வரும், ஜோடி சேரும், குட்டி போடும். ஆள் குறைந்ததால் மிச்சமிருப்பதற்குத் தீனி கூடுதலாகக் கிடைக்கும், குட்டிகள் பிழைப்பதும் கூடும். டெக்சாஸிலேயே செய்த ஒரு ஆய்வு 1972இல் வெளிவந்தது. கடுமையாக வேட்டையாடிய பகுதியில் ஒரு ஈற்றுக்குச் சராசரி 6.9 குட்டி, அவ்வளவாக வேட்டையாடாத பகுதியில் 4.3. எல்லா இடத்திலும் இதே கணக்கு வரும் என்று சொல்ல முடியாது, தீனியும் மழையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும், ஆனால் போக்கு புரிகிறது. 1975இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வருஷா வருஷம் 70 சதவீதம் வரை கொன்றாலும் கயோட்டிக் கூட்டம் தாக்குப்பிடிக்கும், 75 சதவீதத்தை விடாமல் கொன்றால்தான் 50 வருஷம் தாண்டி ஒழியும் என்று வந்தது. நாலில் மூன்றை ஐம்பது வருஷம் விடாமல் கொல்ல எந்த ஊர் ஆளால் முடியும்?

எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, ஆட்டுக்குட்டி சாவதைக் குறைப்பது வேறு. உங்கள் மருமகனுக்கு வேண்டியது இரண்டாவதுதான், அதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எல்லாக் கயோட்டியும் ஆடு பிடிப்பதில்லை, முயலும் எலியும் தின்று பிழைக்கிற ஜோடிகள் நிறைய. அப்படிப்பட்ட ஒரு ஜோடி நிலத்தில் இருந்தால் அதைத் தொடவே கூடாது, அது மற்ற கயோட்டியை உள்ளே விடாது. ஆட்டை அதிகம் பிடிப்பது குட்டிக்குத் தீனி கொண்டுபோக வேண்டிய பெரிய ஜோடிகள். யூட்டா மாநிலத்தில் சில ஜோடிகளுக்கு மட்டும் அறுவை செய்து குட்டி இல்லாமல் ஆக்கிப் பார்த்தார்கள், அவை எல்லையையும் விடவில்லை, ஆட்டுக்குட்டி கொல்வதும் நன்றாகக் குறைந்தது. ஆடு பிடித்தே பழகிவிட்ட ஒன்றை, அது வரும் இடத்தில், குட்டி ஈனும் பருவத்துக்கு முன்னால், அங்குள்ள சட்டப்படி ஆள் வைத்து எடுப்பது பலன் தரும். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவது தராது.

ஆடு ஈனும் நாட்களில் தாயையும் குட்டியையும் கொட்டகைக்குள் வைக்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி, செத்த குட்டி எதையும் வெளியே போடக்கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும், அந்த ருசியில்தான் பழக்கம் தொடங்குகிறது. காவலுக்கு கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் மாதிரி நாய் வைக்கலாம். அதைக் கண் திறந்து நடமாடத் தொடங்கிய சில வாரத்திலேயே ஆட்டோடு விட்டு வளர்க்க வேண்டும், வீட்டுக்குள் செல்லம் கொடுத்து வளர்த்தால் அது வீட்டைத்தான் காக்கும். முழுசாக நம்புவதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். கழுதையும் காவலுக்கு உதவும், நாய் இனத்தைக் கண்டாலே அதற்கு ஆகாது, துரத்தி உதைக்கும். ஆனால் ஒரே ஒரு கழுதைதான் வைக்க வேண்டும், இரண்டு வைத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஆட்டை மறந்துவிடும்.

ஊளையைக் கேட்டு எண்ணிக்கையைக் கணக்குப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டு கயோட்டி மாறி மாறிக் குரலை ஏற்றி இறக்கினால் பத்து நிற்கிற மாதிரிக் கேட்கும்.

கேள்வி: அருமனை பக்கம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து மரச்சீனியும் வாழையும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் அரை விளையைக் கிளறிப் போட்டுவிட்டது. எல்லை தாண்டினால் கேரளாவில் பஞ்சாயத்தே பன்றியைச் சுட உத்தரவு போடுகிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை?
- வாசகர், அருமனை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பாட்டக்காரருக்கு நஷ்டம் இரண்டு மடங்கு, விளைச்சலும் போகும், பாட்டப் பணமும் கட்டணும். கேரளாவில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்தார்கள், லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களை வைத்துச் சுடுகிறார்கள். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த அரசாணை வேறு மாதிரி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுட முடியாது. அதற்கு ஊர் அளவில் கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், வனத்துறை ஊழியர் சேர்ந்த குழு இருக்க வேண்டும். உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தக் குழு அமைந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள், மனு கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சேதமான அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், இழப்பீடு கேட்கும்போது அதுதான் பேசும்.

நம் குமரி மாவட்டத்தில் சிக்கல் என்னவென்றால் காடும் விளையும் வீடும் ஒட்டி ஒட்டிக் கிடக்கிறது. களியல், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் என்று எங்கே நின்று அளந்தாலும் பாதி விளை அந்த 3 கிலோமீட்டருக்கு உள்ளேதான் வரும். ஆக, சுடுவதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க நமக்கு வழியில்லை. பன்றி சினைபிடித்து நாலு மாசத்துக்குள் ஈன்றுவிடும், ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி வரை சாதாரணம், நான் கயோட்டிக்குச் சொன்ன கணக்கு இதற்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சூரிய மின்வேலி போட முடிந்தால் போடுங்கள், கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது, பன்றி மூக்கால் முட்டித்தான் நுழையும். கம்பியில் புல் படாமல் அடிக்கடி செதுக்க வேண்டும், புல் பட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், வேலி இருந்தும் இல்லாத கணக்கு. 2023இல் வந்த விதிகளின்படி காட்டை ஒட்டிய பகுதியில் இதற்கு வனத்துறையில் பதிவு வேண்டும், மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். நாலைந்து பாட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் செலவு தாங்கும். ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன், வீட்டு லைனிலிருந்து நேரே கம்பிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டப் போகிறவர் இருட்டில் அந்தக் கம்பியில்தான் கால் வைப்பார். அவுட்டுக்காயும் அப்படித்தான். பழத்துக்குள் வெடி வைத்தால் பன்றிக்கு முன்னால் பசு கடிக்கும். தாடை சிதறிய பசுவுக்கு எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது, அது தீனி எடுக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

அப்புறம் கழிவு. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ராத்திரி வண்டியில் கோழிக்கழிவும் மீன்கழிவும் கொண்டுவந்து நம் ஓடையோரத்தில் கொட்டுவதைப் போலீஸ் பிடித்த செய்தி எத்தனை முறை வந்துவிட்டது! நம் ஊர்க் கடைக்காரர்களும் கொட்டத்தான் செய்கிறார்கள். கழிவு கிடக்கிற இடத்தில் நாய், நரி, பன்றி மூன்றும் கூடும், அங்கே தின்று பெருகும், அப்புறம் உங்கள் விளைக்கு வரும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். நீங்கள் ஒருவர் கொடுத்தால் போதாது, ஊரே கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் வெள்ளாடு வளர்க்கிறேன் சார். பட்டியில் ஆறு வளர்ந்த ஆடு ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்தது, பின்தொடையிலும் காதிலும் கடி, எதையும் தின்னவில்லை. பொத்தையிலிருந்து (சிறு குன்றிலிருந்து) நரி இறங்கியது என்கிறார்கள். சிப்பிப்பாறை நாய் ஒன்று வாங்கிக் காவலுக்கு விடலாமா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பின்தொடையிலும் காதிலும் கண்டபடி கடி, எதையும் தின்னவில்லை. அது தெருநாய்க் கூட்டம். நரி பிடித்தால் சின்னக் குட்டி ஒன்றைத்தான் பிடிக்கும், தொண்டையைக் கடிக்கும், தின்னும், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போகும். ஆறு வளர்ந்த ஆட்டைக் கொன்று போட்டுவிட்டுப் போகிற வேலை அதற்கு இல்லை. அடுத்த முறை இப்படி நடந்தால் (நடக்கக்கூடாது) புதைப்பதற்கு முன்னால் கால்நடை உதவி மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டி எழுதி வாங்குங்கள். காப்பீடு செய்திருந்தால் அந்தக் காகிதம் இல்லாமல் பணம் வராது.

தெருநாயைக் கொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2023இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், அதைச் செய்ய வேண்டியது பேரூராட்சியின் பொறுப்பு. அதைக் கேட்டு மனு கொடுங்கள், ஆனால் அது நடக்கும்வரை பட்டியை மூங்கில் படலோடு விடாதீர்கள். ஐந்தடி உயரத்துக்குச் சங்கிலிவலை, அடியில் கல் அணைப்பு. சிப்பிப்பாறை அருமையான நாய்தான், ஆனால் ஓடுவதைத் துரத்துவதற்கென்றே வளர்த்த வேட்டை இனம், ஆடு துள்ளி ஓடினால் அதையே துரத்தும். உங்கள் ஆட்டோடு குட்டியிலிருந்து வளர்ந்த ஒரு நாட்டுநாய் மேல்.

கேள்வி: நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்களே, சந்தையில் ஒருவர் நரிக்கொம்பு என்று விற்றார். வாங்கி வீட்டில் வைக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: நரிக்குக் கொம்பு கிடையாது அம்மா. நரி மண்டையோட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லி எலும்பும் மயிரும் சேர்த்து ஒட்டி விற்கிறார்கள். நிஜமாகவே நரியைக் கொன்று செய்தவர்களும் உண்டு, அப்படியானால் வைத்திருக்கிற நீங்களும் குற்றவாளி. அந்தக் காசுக்குக் கூட்டுக்கு வலை வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்தில் பால்வெட்டுகிற என் மனைவியை நரி மாதிரி ஒன்று காலில் கடித்துவிட்டு ஓடியது. சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். போதுமா?
- வாசகர், பேச்சிப்பாறை

பதில்: போதாது. உங்களுக்கு இதழ் வரும்வரை காத்திராமல் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நரி தானாக வந்து மனிதரைக் கடிப்பது சாதாரணமாக நடக்காது. பகலில், பயமில்லாமல் வந்து கடித்தது என்றால் வெறிநோய் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாய் கடித்தாலும் கீரி கடித்தாலும் இதே முறைதான். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது, கட்டும் போடக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லை என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த ஊசிகளைச் சொன்ன தேதியில் போட வேண்டும், காயம் ஆறிவிட்டது என்று விடக்கூடாது. நோய் வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் வைத்தியம் கிடையாது. அதே விலங்கு உங்கள் பசுவையோ ஆட்டையோ கடித்திருந்தால் அதற்கும் ஊசி உண்டு, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள், அதுவரை அந்த மாட்டின் வாய்க்குள் கையை விடாதீர்கள்.